முன்னால ஓடினவனும் பின்னால விழுந்தவனும்

டிவியில் சொருகுகிற கேசட் கேம் இருந்த வீட்டிலோ, அப்படி ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலோ வளர்ந்தவர்களுக்கு கான்ட்ராவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜப்பானின் கொனாமி கம்பெனி 1987ல் வெளியிட்ட ஆட்டம். நம்மூருக்கு அது ஒழுங்கான வழியில் வரவில்லை. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டம் என்று ஸ்டிக்கர் ஒட்டின நகல் பொட்டிகளோடு வந்தது. நீல பேண்ட் ஒருத்தன், சிவப்பு பேண்ட் ஒருத்தன். மேலே மேலே கீழே கீழே என்று ஆரம்பித்து வரிசையாக அமுக்கினால் முப்பது உயிர். இதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மூணாவது கட்டத்தில் வருமே ஒரு அருவி, அது ஞாபகம் இருக்கிறதா?

அங்கே பக்கவாட்டில் ஓட முடியாது. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஏறுபவன் கூடவே திரையும் ஏறும். கீழே நிற்பவனின் பாறை திரையை விட்டு நழுவிப் போனால் அவன் காலி. எதிரி யாரும் சுட வேண்டாம், கூட வந்தவன் கொஞ்சம் வேகமாக ஏறினாலே போதும். "டேய் நில்லுடா, நான் வந்துக்கறேன்" என்று தம்பிமார்கள் அழுத வீடுகள் எத்தனையோ. முப்பது உயிரில் பத்து அந்த அருவியிலேயே போகும்.

இந்தப் பதிவு அந்த அருவியைப் பற்றித்தான். கொசுவத்தி இத்தோடு அணைக்கப்படுகிறது, இனி சரித்திரம் :-)

நாலு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே போவது, சுடச்சுட நம்ம ஆள் லெவல் ஏறி பலசாலி ஆவது, விழுகிற துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது. இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டு சமைத்த ஆட்ட வகை ஒன்று இருக்கிறது. இதை உருப்படியாகச் செய்து காட்டிய முதல் பெரிய வெற்றி என்று நான் சொல்வது பார்டர்லாண்ட்ஸ். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் கியர்பாக்ஸ் கம்பெனி தயாரித்து, 2கே வெளியிட்டது. வருஷம் 2009, அக்டோபர் மாதம்.

ஆனால் இந்தச் சமையலின் இரண்டு முக்கியமான சாமான்கள் ஒன்றுக்கொன்று ஆகாதவை. லெவல் ஏறுவது என்ற விஷயம் 1974ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டிலிருந்து வருகிறது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடுவது. அதிலும் நிறைய நாள் வந்தவன் லெவல் ஏறுவான், வராதவன் பின்தங்குவான். ஆனால் அங்கே ஆட்டத்தை நடத்த ஒரு மனுஷர் உட்கார்ந்திருப்பார். போன வாரம் வராதவனுக்கு ஒரு சின்ன பூதத்தை ஒதுக்கிக் கொடுத்து, வந்தவனைப் பெரிய பூதத்திடம் அனுப்பி சமாளித்துவிடுவார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற மாமா மாதிரி, யாருக்கு என்ன என்று பார்த்துப் பார்த்துப் போடுவார். கம்ப்யூட்டருக்கு அந்தக் கண் கிடையாது.

துப்பாக்கி ஆட்டத்தின் வம்சம் வேறு. 1993 டிசம்பரில் வந்த டூம் நெட்வொர்க்கில் நாலு பேர் சேர்ந்து ஆட விட்டது. அதில் லெவல் ஏறுகிற கதையே இல்லை. நேற்று சேர்ந்தவனுக்கும் ஆறு மாசம் ஆடினவனுக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே உடம்பு. வித்தியாசம் விரலில் மட்டும்தான். 1996-97 புத்தாண்டுச் சமயத்தில் டயாப்லோ வந்தது. அது வாளும் மந்திரமும் உள்ள ஆட்டம். நாலு பேர் இன்டர்நெட்டில் சேர்ந்து பூதம் அடிக்கலாம், லெவல் ஏறலாம், விழுந்த சாமானைப் பொறுக்கலாம். கைவேகம் உள்ளவன் பொறுக்கினான், மற்றவன் பார்த்துக்கொண்டு நின்றான். 1999ல் வந்த சிஸ்டம் ஷாக் 2 துப்பாக்கியையும் லெவலையும் அழகாகச் சேர்த்தது. ஆனால் அது அடிப்படையில் தனியாக இருட்டில் பயந்துகொண்டே ஆட வேண்டிய ஆட்டம். சேர்ந்து ஆடும் வசதி பின்னால் ஒட்டுப்போட்டுத் தரப்பட்டது.

டயாப்லோவைச் செய்த முக்கியமான ஆட்களில் சிலர் வெளியே வந்து ஃபிளாக்ஷிப் என்று ஒரு கம்பெனி தொடங்கி, 2007 அக்டோபர் 31ல் ஹெல்கேட் லண்டன் என்று ஒன்றை விட்டார்கள். டயாப்லோவைத் துப்பாக்கியோடு, நம்ம கண் வழியே பார்க்கிற மாதிரி ஆடலாம். கேட்க அமிர்தமாக இருந்தது. கையில் வந்தபோது ஓட்டை ஒடிசல். காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் கொடுத்ததோடு நில்லாமல், எல்லா வசதியும் வேண்டுமென்றால் மாசச் சந்தா என்றார்கள். அடுத்த வருஷமே கம்பெனி மூடியது. 2009 ஜனவரி 31ல் அமெரிக்க, ஐரோப்பிய சர்வர்களை அணைத்தார்கள். தனியாக ஆடுகிற பகுதி மட்டும் பொட்டியில் மிஞ்சியது. சேர்ந்து ஆடியவர்கள் கட்டி வளர்த்த ஆள், சேர்த்த சாமான் எல்லாம் ஒரே ராத்திரியில் இல்லை. கூடி ஆடும் ஆட்டத்தின் முதல் பலவீனம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. வீடு நம்முடையது மாதிரி தெரியும், ஆனால் மனை வாடகைக்கு.

அது அணைந்து ஒன்பது மாசத்தில் பார்டர்லாண்ட்ஸ் வந்தது.

இப்போது கசார்வாடி. புனே ஜங்ஷனிலிருந்து லோனாவலா லோக்கல் பிடித்தால் சிவாஜிநகர், கட்கி, தாபோடி, அதற்கடுத்தது கசார்வாடி. அதற்கப்புறம் பிம்ப்ரி. ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் பழைய மும்பை ரோடு, நடுவில் நாங்கள். 2022 மார்ச்சில் மெட்ரோ ஓட ஆரம்பித்து எங்கள் பேருக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்துவிட்டது. 2010ல் அதெல்லாம் கிடையாது. நான் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஆணி புடுங்கிக்கொண்டிருந்தேன். சித்தி பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடி என்னோடு வந்து தங்கினான். இரண்டு லேப்டாப், நடுவில் ஒரு வயர். இன்டர்நெட்டை நம்பவே முடியாத காலம் அது. பி.எஸ்.என்.எல்லில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில் வராது என்று ஒரு திட்டம் இருந்ததே, அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்ட தலைமுறைக்குத் தெரியும். பார்டர்லாண்ட்ஸின் கம்ப்யூட்டர் வடிவத்தில் ஒரே அறைக்குள் வயர் போட்டு ஆடும் வசதி இருந்தது. அது எங்களுக்கு வரம்.

முதல் பலம், விழுந்தவனைத் தூக்குவது. அடிபட்டுச் சாய்ந்தால் உடனே ஆட்டம் முடிந்துவிடாது. தரையில் கிடந்தபடி சில விநாடி சுடலாம். அதற்குள் ஒரு எதிரியைக் கொன்றால் தானே எழுந்துவிடலாம், அல்லது கூட்டாளி ஓடி வந்து தூக்கிவிடலாம். அந்தச் சில விநாடியில்தான் ஆட்டமே இருக்கிறது. தூக்க வருபவன் சுடுவதை நிறுத்திவிட்டுக் குனிய வேண்டும், அவனும் அடிபட்டு விழலாம். போகலாமா வேண்டாமா? அப்புறம் ரோலண்ட் என்ற சிப்பாய்க்கு ஒரு வித்தை உண்டு. அவன் கூட்டாளியைச் சுட்டால் கூட்டாளியின் காயம் ஆறும். தோட்டாவே மருந்து! இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. எங்கள் வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணே செத்துட்டேன், வந்து தூக்குங்கண்ணே", "இருடா வர்றேன், சாவாதே" என்று சத்தம். கீழ் வீட்டு காகூ ஒருநாள் படியேறி வந்து கதவைத் தட்டி "காய் ஜாலா?" என்று கேட்டுவிட்டார். விளக்கிச் சொல்வதற்குள் என் மராத்தி தீர்ந்துவிட்டது.

இரண்டாவது பலத்தைப் பலர் பலமாகவே பார்ப்பதில்லை. அதன் படம். 2007ல் இந்த ஆட்டத்தை அறிவித்தபோது மற்ற எல்லா ஆட்டத்தையும் போல நிஜமான மனிதர்கள், பழுப்பு நிற மண் என்று இருந்தது. கிட்டத்தட்ட முடிகிற நேரத்தில் அத்தனையையும் மாற்றி, தடித்த கறுப்புக் கோடு போட்ட காமிக்ஸ் மாதிரி ஆக்கினார்கள். 2006ல் வந்த கோட்ஹன்டர்ஸ் என்ற குறும்படத்தோடு ரொம்ப ஒத்துப்போகிறது என்று பேச்சும் எழுந்தது, அதுவும் நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த மாற்றம் ஆட்டத்தைக் காப்பாற்றியது. லெவல் கணக்கு உள்ள ஆட்டத்தில் ஒரு எதிரி நூறு தோட்டா வாங்கிக்கொண்டு நிற்பான். காமிக்ஸில் நின்றால் சிரித்துவிட்டு இன்னும் நூறு போடுவோம். 2016 மார்ச்சில் ஸ்வீடனின் மாசிவ் ஸ்டூடியோ செய்து யுபிசாஃப்ட் வெளியிட்ட தி டிவிஷனைப் பாருங்கள். ரூபாய் நோட்டு... மன்னிக்கவும், டாலர் நோட்டு வழியாக அம்மை பரவி நியூயார்க் நகரமே பாழாகிக் கிடக்கிறது. பனி, குப்பை, கார், சுவரொட்டி எல்லாம் அச்சு அசல். அந்த அசல் தெருவில் துணித் தொப்பி போட்ட ஒரு சாதாரண ரவுடி, தலையில் முழு மேகசினையும் வாங்கிக்கொண்டு நம்மைப் பார்த்து ஓடி வருகிறான். மனசு ஒட்டுமா? ஒட்டவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் கணக்கையே மாற்றிச் சரிசெய்தார்கள்.

அந்த ஆட்டத்தின் முதல் நாள் கூத்தையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு மடிக்கணினியை ஒவ்வொருவரும் போய்த் தொட வேண்டும். ஒருத்தர் நிற்கிற இடத்தில் இன்னொருத்தர் புக முடியாது. ஆகவே உலகத்தைக் காப்பாற்ற வந்த ரகசிய ஏஜென்ட்கள் எல்லாம் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்றார்கள், நிஜமாகவே. நடுவில் புகுந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

பார்டர்லாண்ட்ஸின் பலவீனத்துக்கு வருகிறேன். கதை சுமார், கடைசிக் கட்டம் அதைவிடச் சுமார். ஆட்டம் முழுக்கத் தேடிய பெட்டகத்தைத் திறந்தால் ஒரு ராட்சத வாயும் கொடுக்குகளும்தான். துப்பாக்கி வகை 1 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் என்று கின்னஸில் ஏறியது. அதில் முக்கால்வாசி கீழே போட வேண்டிய ரகம். மூலையில் சின்ன வரைபடம் கிடையாது, 2019ல் மெருகேற்றி மறுபடி விட்டபோதுதான் அது வந்தது. கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வழியாகச் சேர கேம்ஸ்பை என்ற வெளிச் சேவையை நம்பியிருந்தது. அந்தச் சேவை 2014 மே 31ல் மூடப்பட்டது. ஹெல்கேட்டுக்கு வந்த சாவு இதற்கும் வந்திருக்கும். ஆனால் இதை ஸ்டீமுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், தனி ஆட்டமும் வயர் ஆட்டமும் எப்போதும் நம் பொட்டியிலேயே இருந்தன. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடிய குறைகள்.

பொறுக்க முடியாதது அந்த அருவி.

தம்பிக்கு வேலை கிடைக்காத மாசங்கள் அவை. பகல் முழுக்க வீட்டில் இருந்தான், விண்ணப்பம் போட்ட நேரம் போக ஆடினான். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து ஆட உட்கார்ந்தால் என் ஆள் 14ம் லெவல், அவன் ஆள் 27. அவன் இருக்கிற ஊருக்கு நான் போனால் என் தோட்டா எதிரிக்குக் கொசுக்கடி, எதிரியின் ஒரு அடியில் நான் தரையில். அவன் என் ஊருக்கு வந்தால் அவன் தொட்டதெல்லாம் செத்துவிழும், நான் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பேருக்குத்தான் ஒரே திரையில் இரண்டு பேர். வேடிக்கை என்னவென்றால், கான்ட்ராவில் அழ வேண்டியவன் தம்பி. இங்கே சம்பளக்காரன் அழுதான் :-)

இது ஆட்டத்தின் குணத்திலேயே இருக்கிறது. லெவல் என்பது நேரத்துக்குக் கிடைக்கும் கூலி. நேரம் இருப்பவனுக்குக் கூலி தருகிற ஆட்டம், நேரம் இல்லாதவனை அவனிடமிருந்து பிரிக்கத்தான் செய்யும். ஒரே ஹாஸ்டலில், ஒரே நேரத்தில் தூங்கி எழுகிற பையன்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒருத்தன் பெங்களூர், ஒருத்தன் துபாய், ஒருத்திக்குக் கைக்குழந்தை என்று சிதறின குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

விழுகிற துப்பாக்கிக்கும் இதே கதி. நாலு பேருக்கும் பொதுவாக விழும், முதலில் எடுத்தவனுக்குச் சொந்தம். வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று தரம். ஊதா விழுந்த விநாடியில் அண்ணன் தம்பி எல்லாம் மறந்துபோகும். பஞ்சாயத்துக்கும் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கூட்டாளியைக் கையால் ஒரு குத்து விட்டால் அது சவாலாகிவிடும், ஏற்றுக்கொண்டால் இருவரும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். 27க்கும் 14க்கும் சண்டை நடந்தால் என்ன ஆகும்?

நாங்கள் கண்டுபிடித்த வழி, அப்போது உலகம் முழுக்கப் பலரும் கண்டுபிடித்திருந்த வழிதான். ஆளுக்கு இரண்டு பாத்திரம். ஒன்று தனியாக ஆட, இன்னொன்று சேர்ந்து ஆட. சேர்ந்து ஆடுகிற ஆளை மற்றவன் இல்லாதபோது தொடக்கூடாது. கூட்டுக்குடும்பத்தில் பொதுச்செலவுக்குத் தனி டப்பா வைப்பதைப் போல. தம்பி அதை மீறவில்லை. பையன் நல்ல பையன்.

மற்றவர்கள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள்? 2014 செப்டம்பரில் வந்த டெஸ்டினி அவிழ்க்கவில்லை, இன்னும் இறுக்கியது. அதன் உச்சமான சவால் ஆறு பேர் சேர்ந்து செய்வது. அந்த ஆறு பேரை ஆட்டம் தேடித் தராது, நாமே சேர்க்க வேண்டும். பல மணி நேரம் எழக்கூடாது. சுடுகிற சுகத்தில் அதை அடிக்க ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு பேரை ஒரே ராத்திரிக்கு ஒரே நேரத்தில் உட்கார வைப்பது எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கே முடியவில்லை.

2012ல் வந்த பார்டர்லாண்ட்ஸ் 2 எழுத்தில் ரொம்ப மேலே போனது, வில்லனை இன்றைக்கும் பேசுகிறார்கள். லெவல் விஷயத்தில் பழைய குருடி கதவைத் திறடி. உண்மையான தீர்வு 2019 செப்டம்பரில் பார்டர்லாண்ட்ஸ் 3ல்தான் வந்தது. ஒரே எதிரி, என் திரையில் என் லெவலில் நிற்கிறான், உன் திரையில் உன் லெவலில் நிற்கிறான். நான் அடித்த அடிக்கு என் கணக்கில் வலி, உன் அடிக்கு உன் கணக்கில். விழுகிற துப்பாக்கியும் ஆளுக்குத் தனித்தனி. பழைய அடிபிடி வேண்டுமென்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது, விருப்பப்பட்டுத் தேர்ந்தெடுக்கலாம். மேஜையில் உட்கார்ந்து பரிமாறிய அந்த மாமாவைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர 1974லிருந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. இதற்காக எதையும் இழக்கவில்லையா என்றால், இழந்தார்கள். தம்பி எனக்காக ஒரு நல்ல துப்பாக்கியை விட்டுக்கொடுத்தான் என்பதற்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை. சண்டை போனபோது அந்த விட்டுக்கொடுத்தலும் போயிற்று. நான் போகட்டும் என்கிற கட்சி.

எங்கள் புனேயும் இந்தத் தொழிலுக்கு அந்நியமில்லை. யுபிசாஃப்ட்டின் ஸ்டூடியோ 2008லிருந்து இங்கே உண்டு. சூப்பர்கேமிங் என்ற புனே கம்பெனி 2024 அக்டோபரில் இண்டஸ் என்ற ஆட்டத்தை போனுக்கு வெளியிட்டது. ஆனால் அது கடைசியில் யார் மிஞ்சுவது என்ற போட்டி வகை. நம் நாட்டில் போனில் ஆடுகிற கூட்டத்துக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும், நேற்று ஆடாதவனும் இன்று சமமாக இறங்கலாம். அருவிப் பிரச்சனையே இல்லை என்பது அந்த வகைக்கு ஒரு பெரிய பலம்தான். சேர்ந்து ஒன்றைக் கட்டி முடித்த திருப்தி மட்டும் அதில் வராது.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. காமிக்ஸ் படம் போல இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பார்டர்லாண்ட்ஸ் முழுக்க ரத்தம், கெட்ட வார்த்தை. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தின ஆட்டம். எங்கள் வீட்டில் பையன் எழுந்துவிட்டால் திரை அணையும்.

தம்பிக்கு 2010 கடைசியில் வேலை கிடைத்தது, சில வருஷம் கழித்து டொரன்டோ போய்விட்டான். இப்போது அவனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி, எனக்கு சனிக்கிழமை காலை ஏழரை. அவன் லெவல் என்ன என்று நான் கேட்பதில்லை. 2025 செப்டம்பரில் நாலாவது பாகம் வந்தது, அதிலும் அதே ஏற்பாடு இருப்பதால் மாறிக்கொண்டோம். போனில் பேசினால் "சாப்ட்டியா, குளிரா" என்பதோடு முடிந்துவிடும். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகப் பேசுகிறது. சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள் என்பதை அவன் என்னிடம் சொன்னது ஒரு பாலத்துக்கு அடியில் ஒளிந்து ரீலோடு செய்துகொண்டிருந்தபோது. "வீட்ட வித்துறலாம்ங்கறாருண்ணே." நான் சுடுவதை நிறுத்திவிட்டேன் போல, விழுந்துவிட்டேன். அவன் பேச்சை நிறுத்தாமலே வந்து தூக்கிவிட்டான். வீட்டை விற்க வேண்டாம், மாசாமாசம் ஆளுக்குப் பாதி என்று அந்தப் பாலத்தடியில்தான் முடிவானது.

நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்துவிடுவார்கள். அவன் பத்து மணி எனக்கு எட்டரை ஆகிவிடும், தங்கமணி காய்கறி வாங்க மண்டிக்குக் கிளம்பச் சொல்கிற நேரம். மார்ச் வரைக்கும் ஒன்பதரைக்கு உட்காரும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.